ஏழைப் பெண்களின் வங்கிக்கு யார் எஜமானர்? வங்காளதேசச் சமூகத் தொழில்கள் தரும் பாடம்

2011ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் தேதி வங்காளதேச மத்திய வங்கி ஓர் உத்தரவு பிறப்பித்தது. கிராமீன் வங்கியின் நிர்வாக இயக்குநர் பொறுப்பிலிருந்து பேராசிரியர் முகமது யூனுஸ் நீக்கப்படுகிறார் என்பதே அது. அந்த வங்கியை உருவாக்கியவர் அவர்தான். 2006ஆம் ஆண்டின் அமைதிக்கான நோபல் பரிசை அந்த வங்கியோடு பகிர்ந்துகொண்டவரும் அவர்தான்.

வங்கியின் பங்குகளில் பெரும்பகுதி, அதில் கடன் பெற்ற ஏழை மக்களுக்குச் சொந்தமானது. அப்போது கடன் பெற்றிருந்தவர்கள் 80 லட்சத்துக்கும் மேல். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்துப் பெண்கள். அவர்களின் பிரதிநிதிகளாக இயக்குநர் வாரியத்தில் இருந்த ஒன்பது பெண்கள் நீதிமன்றம் சென்றார்கள். உயர்நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. ஏப்ரலில் உச்சநீதிமன்றமும் அதே முடிவுக்கு வந்தது. மே மாதத்தில் யூனுஸ் பதவி விலகினார்.

பெரும்பங்கைக் கையில் வைத்திருந்தவர்களால் தங்கள் வங்கியின் தலைவரைத் தக்கவைத்துக்கொள்ள முடியவில்லை. ஏன்? விடை, 28 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஒரு சட்டத்தில் இருந்தது.

மலேசியாவிலும் ‘சமூகத் தொழில்’, ‘சமூகத் தொழில்முனைவு’ என்ற சொற்கள் இப்போது அடிக்கடி காதில் விழுகின்றன. முறுக்கு, அதிரசம் செய்து விற்கும் மகளிர் குழுவிலிருந்து, தோட்டப்புறப் பிள்ளைகளுக்குத் தையலோ கணினியோ கற்றுத்தரும் நிலையம் வரை பலரும் ‘பதிவு செய்யலாமா, எந்தப் பெயரில் பதிவு செய்வது?’ என்று யோசிக்கிறார்கள். அந்த முடிவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வங்காளதேசத்தின் 50 ஆண்டு அனுபவத்தைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

சமூகத் தொழில் என்பது என்ன?

தொண்டு நிறுவனம் நன்கொடையில் நடக்கிறது. வணிக நிறுவனம் இலாபத்துக்காக நடக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்பது சமூகத் தொழில். ஒரு சமூகச் சிக்கலைத் தீர்ப்பதே அதன் நோக்கம். ஆனால் பொருளையோ சேவையையோ விற்றுத் தன் செலவைத் தானே ஈட்டிக்கொள்ளும். யூனுஸ் வகுத்த விளக்கம் இன்னும் கண்டிப்பானது. பணம் போட்டவர் போட்டதைத் திரும்பப் பெறலாம். அதற்கு மேல் இலாபப் பங்கு எடுக்கக் கூடாது. மிஞ்சுவது தொழிலுக்கே திரும்பிவிட வேண்டும்.

இத்தகைய தொழில் நல்ல மனத்தில் பிறக்கிறது என்பது உண்மை. ஆனால் அது வளர்வதும் வளையாமல் இருப்பதும் அதைச் சுற்றியுள்ள அமைப்புகளைப் பொறுத்தது. 1993இல் நோபல் பரிசு பெற்ற பொருளியல் அறிஞர் டக்ளஸ் நோர்த், ‘அமைப்பு’ என்ற சொல்லுக்குள் இரண்டு வகையைச் சேர்த்தார். ஒன்று எழுதப்பட்ட விதிகள்: சட்டம், உரிமம், வரி, ஒப்பந்தம். மற்றொன்று எழுதப்படாத வழக்கங்கள்: ஒரு பெண் தனியாகச் சந்தைக்குப் போகலாமா, கடனைத் திருப்பாதவரை ஊர் எப்படிப் பார்க்கும் என்பன போன்றவை.

வளரும் நாடுகளில் இவற்றோடு மூன்றாவது ஒன்றும் உண்டு. இருக்க வேண்டிய அமைப்பு இல்லாமல் போவது. வங்கிக்கிளை ஊருக்குள் வராது. நீதிமன்ற வழக்கு முடிய வருடக்கணக்கில் ஆகும். விளைந்ததை நியாய விலைக்கு வாங்க ஆள் இருக்காது. அந்த வெற்றிடமும் ஒரு தொழிலின் உருவத்தைத் தீர்மானிக்கிறது.

வங்காளதேசத்தில் இந்த மூன்றும் ஒன்றாகவே இருந்தன. 1970இல் பெரும் புயல், 1971இல் விடுதலைப் போர், 1974இல் பஞ்சம். புதிதாகப் பிறந்த அரசால் கிராமம் வரை போக முடியவில்லை. அந்த இடைவெளியில்தான் அந்நாட்டின் சமூகத் தொழில்கள் முளைத்தன.

42 பேர், 27 டாலர்

யூனுஸ் அப்போது சிட்டகாங் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியர். பல்கலைக்கழகத்தை ஒட்டியிருந்த ஜோப்ரா கிராமத்தில், மூங்கில் முக்காலி பின்னும் பெண்களின் கணக்கை அவர் விசாரித்தார். மூங்கில் வாங்கப் பணம் இல்லாததால் அவர்கள் வியாபாரியிடம் கடன் வாங்கினார்கள். கடன் கொடுத்தவரிடமே, அவர் சொன்ன விலைக்கே, முக்காலியை விற்றாக வேண்டும். நாள் முழுக்க உழைத்தும் கையில் மிஞ்சியது சில்லறைக் காசு. தோட்டத்துக் கடைக்கணக்கில் பெயர் எழுதி வாழ்ந்த தலைமுறைக்கு இந்தக் கணக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை.

1976இல் அவர் எடுத்த கணக்கில், அந்தக் கிராமத்தில் 42 பேரின் மொத்தக் கடன் வெறும் 27 அமெரிக்க டாலர். அதைத் தன் சட்டைப்பையிலிருந்து கொடுத்தார். பிறகு வங்கியை நாடினார். ஏழைகளிடம் பிணையாக வைக்க எதுவும் இல்லை என்று வங்கி மறுத்தது. கடைசியில் யூனுஸ் தாமே பொறுப்புக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கடன் கிடைத்தது.

இங்கேயே அமைப்பின் முதல் கை தெரிகிறது. வங்கி அதிகாரி கெட்டவர் அல்லர். பிணையில்லாமல் கடன் தர அவருடைய விதிப்புத்தகத்தில் இடமில்லை. விதியை மாற்றாமல் ஆளை மாற்றி எந்தப் பயனும் இல்லை.

1979இல் மத்திய வங்கியின் ஆதரவோடு இந்தத் திட்டம் தாங்காயில் மாவட்டத்துக்கு விரிந்தது. ஆனாலும் ஒரு பேராசிரியரின் திட்டமாகவே எத்தனை நாள் நடக்கும்? தனி வங்கியாக வேண்டுமானால் தனிச் சட்டம் தேவைப்பட்டது. அன்றைய நிதியமைச்சர் அ.மா.அ. முஹித்தின் ஆதரவோடு 1983இல் கிராமீன் வங்கி அவசரச் சட்டம் பிறந்தது.

தொடக்கத்தில் அரசின் பங்கு 60 விழுக்காடு. கடன் பெற்றோரின் பங்கு 40. பின்னர் அதே பத்தாண்டில் சட்டம் திருத்தப்பட்டு அரசுக்கு 25, கடன் பெற்றோருக்கு 75 என்றானது. 13 பேர் கொண்ட வாரியத்தில் ஒன்பது இடம் கடன் பெற்றோர் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளுக்கு. தலைவர் உட்பட மூன்று பேரை அரசு நியமிக்கும். பதின்மூன்றாவது ஆள் நிர்வாக இயக்குநர். அவரை நியமிக்க மத்திய வங்கியின் முன் அனுமதி வேண்டும்.

கடைசியாகச் சொன்ன அந்த ஒரு வரி, பல ஆண்டுகள் யாரும் பெரிதாகக் கவனிக்காமல் சட்டப் புத்தகத்தில் கிடந்தது.

ஊர் வழக்கமே பிணை

பிணை கேட்க முடியாது, நீதிமன்றம் போனாலும் பயன் இல்லை. பிறகு கடன் எப்படித் திரும்பும்? கிராமீன் வங்கி இதற்கு எழுதப்படாத வழக்கத்தைப் பயன்படுத்தியது. ஐந்து பெண்கள் சேர்ந்து ஒரு குழு. முதலில் இருவருக்குக் கடன். அவர்கள் ஒழுங்காகத் தவணை கட்டிய பின் மற்றவர்களுக்கு. வாரந்தோறும் ஊரிலேயே கூட்டம். எல்லார் முன்னிலையிலும் தவணை. நம்மூர்ப் பெண்கள் பிடிக்கும் கூட்டுப் பணத்தில் இருக்கும் அதே பிடிமானம்தான்: ஒருவர் தவறினால் நாளை மற்றவர் முகத்தில் விழிக்க வேண்டும்.

வழக்கத்தை நம்பிய இந்த முறை பலன் தந்தது. வங்கி ஊழியர் சைக்கிளில் ஊருக்கே வந்ததால், பெண்கள் வெளியூர் போகக் கூடாது என்ற கட்டுப்பாட்டையும் தாண்ட முடிந்தது. ஆனால் அதே வழக்கத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. ஆய்வாளர்கள் ஆன் மேரி கோயெட்ஸ், ரீனா சென் குப்தா ஆகியோர் 1996இல் வெளியிட்ட ஆய்வு, பெண்கள் பெயரில் வாங்கிய கடனில் கணிசமான பகுதியை வீட்டு ஆண்களே கையாள்வதைக் காட்டியது. கடன் புத்தகம் மனைவியிடம், பணம் கணவனிடம், தவணைப் பொறுப்பு மீண்டும் மனைவியிடம். வங்கியின் விதி பெண்ணை முன்னிறுத்தியது. வீட்டின் வழக்கம் அவளைப் பின்னுக்குத் தள்ளியது. ஒரு விதியை எழுதிவிட்டதாலேயே வழக்கம் மாறிவிடாது என்பதற்கு இது சான்று.

வாங்க ஆளில்லாத இடத்தில் பிராக்

வெற்றிடம் ஒரு தொழிலை எப்படி உருவாக்கும் என்பதற்கு பிராக் அமைப்பின் கதை நல்ல உதாரணம். பெரிய எண்ணெய் நிறுவனம் ஒன்றில் உயர் பதவியில் இருந்த ஃபசல் ஹசன் அபெத், போருக்குப் பின் ஊர் திரும்பிய அகதிகளுக்கு உதவ 1972இல் வடகிழக்கிலுள்ள சுல்லா பகுதியில் இதைத் தொடங்கினார்.

நிவாரணப் பணி முடிந்த பிறகு, பெண்களுக்குக் கைத்தொழில் கற்றுக் கொடுத்தார்கள். பொருள் தயாரானது, நகரக் கடைகளும் வாங்கிக்கொண்டன. ஆனால் பணம் வந்து சேர மாதக்கணக்கில் ஆனது. அன்றன்றைய அரிசிக்கு அன்றன்று உழைக்கும் பெண்ணால் அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது. சரக்கு கொடுத்தவருக்கு உரிய நாளில் பணம் கிடைக்கச் செய்யும் அமைப்பு ஒன்று இருந்திருந்தால் பிராக் கடை திறந்திருக்க வேண்டியதில்லை. அப்படி எதுவும் இல்லாததால் 1978இல் ‘ஆரோங்’ என்ற விற்பனை நிலையத்தை அதுவே தொடங்கியது. பொருளைக் கொடுத்த கையோடு பணம் என்பதுதான் அதன் அடிப்படை. இன்று ஆரோங் வங்காளதேசத்தின் பெயர்பெற்ற ஆடை, கைவினைப் பொருள் கடைகளில் ஒன்று.

பாலிலும் இதே கதை. கடன் வாங்கிப் பெண்கள் மாடு வாங்கினார்கள். பாலை வாங்க ஊரில் ஆள் இல்லை. எனவே பிராக் 1998இல் பால் பதப்படுத்தும் தொழிலில் இறங்கியது. பிராக்கின் இந்த வளர்ச்சியை ஆராய்ந்த ஜோஹானா மாயர், இக்னாசி மார்த்தி ஆகிய அறிஞர்கள், அமைப்புகள் இல்லாத வெற்றிடத்திலேயே தொழில்முனைவு நடப்பதை 2009இல் விரிவாக எழுதினார்கள்.

இதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. கடன் தருவதும், தீவனம் தருவதும், விளைந்ததை வாங்குவதும் ஒரே அமைப்பாக இருந்தால், அந்தப் பெண்ணுக்குத் தட்ட வேறு கதவு இல்லை. ஜோப்ராவின் முக்காலி வியாபாரியும் அப்படித்தான் கடனையும் கொள்முதலையும் ஒரே கையில் வைத்திருந்தார். நோக்கம் வேறு என்பதே இருவருக்குமிடையிலான வேறுபாடு. நோக்கம் மாறாமல் காக்க வேண்டுமானால் கண்காணிக்கும் ஓர் அமைப்பு வெளியில் இருக்க வேண்டும்.

வங்காளதேசம் அதை உணரத் தாமதமானது. நுண்கடன் நிறுவனங்கள் உரிமம் பெற வேண்டும் என்ற சட்டம் 2006இல்தான் வந்தது. வட்டிக்கு 27 விழுக்காடு என்ற உச்சவரம்பு அதற்குச் சில ஆண்டுகள் கழித்தே விதிக்கப்பட்டது. தனிச் சட்டத்தில் பிறந்த கிராமீன் வங்கி இந்த ஆணையத்தின் கீழ் வரவில்லை.

தொலைபேசி உரிமமும் ரயில் பாதைக் கம்பியும்

1996இல் வங்காளதேச அரசு கைத்தொலைபேசி உரிமங்களை வழங்கியது. நார்வேயின் டெலினோர் நிறுவனமும், யூனுஸ் தொடங்கிய இலாப நோக்கமற்ற கிராமீன் டெலிகாமும் சேர்ந்து பெற்ற உரிமத்தில் 1997 மார்ச் 26ஆம் தேதி, அந்நாட்டின் சுதந்திர நாளன்று, ‘கிராமீன்போன்’ பிறந்தது.

உரிமம் மட்டும் இருந்து பயனில்லை. நாடு முழுக்கத் தொடர்புக் கம்பி வேண்டும். அதை ரயில்வே துறை ஏற்கெனவே தன் பாதை நெடுகப் பதித்து வைத்திருந்தது. அந்தக் கண்ணாடி இழைக் கம்பியைக் கிராமீன்போன் குத்தகைக்கு எடுத்தது. அரசின் ஒரு துறை செய்து வைத்திருந்த முதலீடு, தனியார் நிறுவனம் ஒன்றை விரைவாகக் கிராமங்களுக்குக் கொண்டுசென்றது.

கிராமீன் வங்கியில் கடன் வாங்கிய பெண்கள் ஒரு கைத்தொலைபேசியை வாங்கி, ஊராருக்கு நிமிடக் கட்டணத்தில் பேசக் கொடுத்தார்கள். ஒரு காலத்தில் இப்படித் தொழில் செய்த பெண்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல். பிறகு ஆளுக்கொரு கைப்பேசி வந்ததும் அந்த வருமானம் தேய்ந்தது. அது காலத்தின் மாற்றம்; யாரையும் குறை சொல்ல முடியாது.

குறை சொல்ல இடமிருக்கும் விஷயம் வேறு. சில ஆண்டுகளில் டெலினோர் தன் பங்கைக் குறைத்துக்கொண்டு, பெரும்பங்கைக் கிராமீன் டெலிகாமுக்கு விட்டுத்தரும் என்பது தொடக்கத்தில் பேசிக்கொண்ட எண்ணம் என்று யூனுஸ் சொன்னார். 2006இல் நோபல் பரிசு வாங்க நார்வே போனபோது இதை வெளிப்படையாகவே கேட்டார். அது எண்ணம் மட்டுமே, கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் அல்ல என்பது டெலினோரின் பதில். 2009இல் பங்குச் சந்தைக்கு வந்த பிறகும் டெலினோருக்கு 55.8 விழுக்காடு, கிராமீன் டெலிகாமுக்கு 34.2 விழுக்காடு என்ற நிலையே இருந்தது. வாய்ப்பேச்சில் இருந்த பங்கு, காகிதத்தில் வரவே இல்லை.

ஒரு கிண்ணத் தயிரின் விலை

2006இல் கிராமீன் குழுமமும் பிரான்சின் டானோன் நிறுவனமும் சேர்ந்து ஒரு தயிர்த் தொழிற்சாலையைத் தொடங்கின. இடம் வடக்கிலுள்ள போக்ரா. பொருளின் பெயர் ‘சொக்தி தோய்’. தமிழில் சொன்னால் ‘சக்தித் தயிர்’. இரும்புச் சத்து, துத்தநாகம், வைட்டமின் ‘ஏ’ சேர்த்து, சத்துக்குறைவுள்ள கிராமப் பிள்ளைகளுக்காகத் தயாரானது. 80 கிராம் கிண்ணம் 5 தாகா. உள்ளூர் மாட்டுக்காரர்களிடம் பால் வாங்கி, உள்ளூர்ப் பெண்கள் வீடு வீடாக விற்க வேண்டும் என்பது திட்டம்.

2008இல் உலகச் சந்தையில் உணவு விலை ஏறியபோது பால் விலையும் ஏறியது. கிண்ணத்தின் விலை 8 தாகாவாக உயர்த்தப்பட்டது. கிராமத்து விற்பனை சரிந்தது. விற்ற பெண்கள் பலர் விலகினார்கள். பிறகு கிண்ணத்தை 60 கிராமாகச் சுருக்கி 6 தாகாவுக்கு விற்றார்கள். டாக்கா போன்ற நகரங்களில் கூடுதல் விலைக்கு விற்று, அந்த வரவில் கிராமத்து விற்பனையைத் தாங்கினார்கள்.

இதில் சட்டத்தின் பங்கு என்ன? வங்காளதேசத்தில் ‘சமூகத் தொழில்’ என்ற தனிச் சட்ட வடிவம் அப்போது இல்லை. எனவே தயிர் நிறுவனம் சாதாரணத் தனியார் நிறுவனமாகவே பதிவானது. இலாபப் பங்கு எடுப்பதில்லை என்பது பங்காளிகள் தங்களுக்குள் செய்துகொண்ட உறுதி. சட்டத்தின் கண்ணில் அது மற்றொரு தயிர்க் கம்பெனிதான்.

இலாப நோக்கமற்ற வடிவத்தில் பதிவு செய்தால் பங்கு மூலதனம் திரட்ட முடியாது. தனியார் நிறுவனமாகப் பதிவு செய்தால் சமூக நோக்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. வளரும் நாடுகள் பலவற்றில் சமூகத் தொழில் செய்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடுக்கு இதுதான்.

சட்டம் கொடுத்தது, சட்டமே எடுத்தது

இப்போது 2011க்குத் திரும்பலாம். மத்திய வங்கி முன்வைத்த காரணங்கள் இரண்டு. ஓய்வு வயது 60. யூனுஸுக்கு அப்போது 70. வாரியம் 1999இல் அவரை வயது வரம்பின்றித் தொடரச் சொன்னபோது மத்திய வங்கியின் முன் அனுமதி பெறப்படவில்லை. அரசியல் பகையே உண்மைக் காரணம் என்று யூனுஸின் ஆதரவாளர்கள் சொன்னார்கள். 2007இல் அவர் கட்சி தொடங்க முயன்றதிலிருந்தே ஆளும் தரப்போடு உறவு கெட்டிருந்தது. பின்னணி எதுவாக இருந்தாலும், நீக்குவதற்கான சாவி சட்டத்திலேயே இருந்தது. 1983இல் அந்தச் சட்டத்துக்குத் துணை நின்ற முஹித்தான் 2011இலும் நிதியமைச்சர் என்பது வரலாற்றின் வேடிக்கை.

அதோடு நிற்கவில்லை. 2012இல் செய்த திருத்தம், நிர்வாக இயக்குநரைத் தேர்ந்தெடுக்கும் குழுவை அமைப்பதில் அரசு நியமித்த தலைவருக்குக் கூடுதல் அதிகாரம் தந்தது. 2013இல் புதிய சட்டம் பழைய அவசரச் சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. ஒன்பது பெண்கள் வாரியத்தில் இருந்தும், ஆட்டத்தின் விதியை எழுதும் பேனா அவர்களிடம் இல்லை.

2024 ஆகஸ்டில் ஆட்சி கவிழ்ந்து, யூனுஸ் இடைக்கால அரசின் தலைமை ஆலோசகரானபோது காற்று எதிர்த்திசையில் வீசியது. அதே ஆண்டு கிராமீன் வங்கிக்கு 2029 வரை வருமான வரிவிலக்கு அறிவிக்கப்பட்டது. 2025இல் சட்டம் திருத்தப்பட்டு அரசின் பங்கு 25இலிருந்து 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. கடன் பெற்றோரின் கை ஓங்கியது நல்ல மாற்றம் என்றனர் ஒரு சாரார். நாட்டின் தலைமையில் இருப்பவர் தாம் தொடங்கிய வங்கிக்கே சலுகை தரலாமா என்று கேட்டனர் மறு சாரார்.

இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு சம்பவங்களும் காட்டுவது ஒன்றே. ஆட்சியில் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்து ஏழைகளின் வங்கியின் விதி மாறுமானால், அதில் பங்கு வைத்திருக்கும் பெண்ணின் உரிமை இன்னும் உறுதியாகவில்லை என்றே பொருள்.

மலேசியாவுக்கு வந்த விதை

கிராமீன் முறை மலேசியாவுக்குப் புதியதல்ல. மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1986இல் வடமேற்குச் சிலாங்கூரில் ஒரு சோதனைத் திட்டத்தை நடத்தினார்கள். அதன் பலனாக 1987இல் அமானா இக்தியார் மலேசியா உருவானது. குழு, பிணையில்லாக் கடன், வாரக் கூட்டம் எல்லாம் கிராமீனிடமிருந்து வந்தவை. ஆனால் பணம் பெரும்பாலும் அரசிடமிருந்து வந்தது. வங்காளதேசத்தில் கடன் பெற்றவர் வங்கியின் பங்குதாரர். இங்கே கடன் பெறுபவர் திட்டத்தின் பயனாளி. ஒரே விதை, இரு வேறு மண்.

அரசு நிதியில் நடக்கும் திட்டம் யாருக்குப் போகும் என்பதையும் அரசின் முடிவே தீர்மானிக்கிறது. இந்தியப் பெண்களுக்கென ‘பெண்’ என்ற பெயரில் 50 மில்லியன் ரிங்கிட் ஒதுக்கீட்டுடன் அமானா இக்தியார் தனிக் கடன் திட்டம் தொடங்கியது 2024இல்தான். ஒதுக்கீடு வந்தால் திட்டம் உண்டு, வராவிட்டால் இல்லை. பயனாளிகளுக்கு அதில் வாக்கு இல்லை.

வேறொரு வழியும் இந்நாட்டுத் தமிழர்களுக்குத் தெரிந்ததே. தோட்டத் துண்டாடலால் தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்த காலத்தில், 1960இல் துன் வீ.தி.சம்பந்தன் தலைமையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் அவற்றில் முதலாவது. வங்கிக் கடனுக்குத் தகுதியில்லாதவர்கள் என்று கருதப்பட்டவர்கள் நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள். கூட்டுறவு என்ற சட்ட வடிவம் இருந்ததால்தான் அது முடிந்தது. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு என்பது அந்த வடிவத்தின் அடிப்படை.

ஆனால் வாக்கு இருப்பது வேறு, அதைப் பயன்படுத்துவது வேறு. ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் போகாத உறுப்பினரின் வாக்கை எந்தச் சட்டமும் அவருக்காகப் போடாது.

பதிவு செய்யும் முன் கேட்க வேண்டியவை

மலேசியாவில் சமூகத் தொழிலுக்கென்று தனிச் சட்டம் இல்லை. 2019இல் அரசு கொண்டுவந்த சமூகத் தொழில் அங்கீகாரம், ஏற்கெனவே பதிவான நிறுவனத்துக்குக் கிடைக்கும் முத்திரை. அது நிறுவனத்தின் சட்ட வடிவத்தை மாற்றாது. எனவே ஒரு குழு, இருக்கும் வடிவங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

செண்டிரியான் பெர்ஹாட் என்றால் பங்குக்கு ஏற்ப அதிகாரம். முதலீடு திரட்டலாம், நோக்கம் பங்குதாரர் கையில். உத்தரவாத நிறுவனம் என்றால் உறுப்பினருக்கு இலாபப் பங்கு கிடையாது. நோக்கம் காக்கப்படும், ஆனால் முதலீட்டாளர் வரமாட்டார். கூட்டுறவு என்றால் ஆளுக்கொரு வாக்கு. கூட்டுறவு ஆணையத்தின் மேற்பார்வை உண்டு. சங்கப் பதிவிலாகாவில் பதிவாகும் சங்கம் சேவைக்குப் பொருந்தும். வணிகம் பெருகினால் இடுக்கும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், வங்காளதேச அனுபவம் நான்கு கேள்விகளை முன்வைக்கிறது.

முதலாவது, தலைவரை நியமிப்பதும் நீக்குவதும் யார்? கிராமீன் வங்கியில் இதற்கான விடை வாரியத்துக்கு வெளியே இருந்தது.

இரண்டாவது, பெரிய பங்காளியோ நன்கொடையாளரோ கொடுத்த வாக்குறுதி ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறதா? தொலைபேசிக் கதையில் எழுதப்படவில்லை.

மூன்றாவது, மூலப்பொருள் விலை ஏறினால் இழப்பை யார் தாங்குவது என்று முன்பே பேசியிருக்கிறார்களா? மாவும் எண்ணெயும் விலை ஏறும்போது முறுக்குப் பொட்டலத்தின் விலையை ஏற்றுவதா, அளவைக் குறைப்பதா, செய்யும் பெண்களின் கூலியில் கைவைப்பதா? தயிர்க் கிண்ணத்துக்கு வந்த சோதனை இதற்கும் வரும்.

நான்காவது, நிறுவனர் விலகினாலோ இறந்தாலோ குழுவின் சொத்து யாருக்குப் போகும்?

இந்த நான்குக்கும் விடை, குழுவில் உள்ள எல்லாரும் படிக்கக்கூடிய மொழியில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அமைப்பு விதிகள் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருந்தால், தமிழில் ஒரு பிரதி எடுத்துக் கூட்டத்தில் உரக்கப் படிப்பது பெரிய செலவில்லை. தொடங்கியவர்கள் நட்பாக இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும். சண்டை வந்த பிறகு யாரும் விதி எழுத ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.